ஆளில்லாத பக்கத்து ஆள்

"மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காதீங்க. நான் பேசறது உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். இருந்தாலும் சொல்லி முடிச்சிடறேன்" என்று எக்குவா பென்ட்சில் என்ற அந்த அம்மாள் கையை நீட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எதிரே ஒரு மனிதர்கூட இல்லை. கழுவிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் முற்றம் நிறைய வரிசை கட்டி நிற்கின்றன. அவருடைய ஒரு கையில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. இன்னொரு கை சபையை அடக்குகிறது.

பட்டிமன்றத்துக்கு அவர் தயாராவது இப்படித்தான். ஒரு வாதம் ஒழுங்காக வாயில் வந்துவிட்டால் அடுத்த வரிசைக்குப் போவார். வராவிட்டால் அதே வரிசையைத் திரும்பவும் கழுவிக்கொண்டு திரும்பவும் பேசுவார். ஆகவே முன்வரிசை நாற்காலிகள் கண்ணைப் பறிக்கிற மாதிரி பளபளத்தால் வாதம் இன்னும் படியவில்லை என்று அர்த்தம். "நாற்காலிதான் மாஸ்டர் நல்ல சபை. நடுவுல எழுந்து போகாது, போன் எடுத்துப் பேசாது" என்பார்.

மாஸ்டர் என்பது நான். கானாக் கடற்கரையில் எங்கள் ஊரான இன்சுவானோவில் இருக்கும் யூனிவர்சிட்டி காலேஜில் பூகோளம் நடத்துகிறேன். பொது விரிவுரைகளுக்கும் பட்டிமன்றங்களுக்கும் ஆள் பிடிக்கிற வேலையையும் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பூகோளம் நடத்துவதே மேல்.

எக்குவாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், இரண்டு தோளிலும் எட்டெட்டு நாற்காலியைச் சுமந்து அகன்றுபோன தோள். கம்பம் நடுகிறவர்களை அதட்டி அதட்டிக் குரல் கரகரத்துப் போயிருக்கிறது. அவரும் தங்கை அபாவும் ஷாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறார்கள். கல்யாணத்துக்கும் கொடுப்பார்கள், கட்சிக் கூட்டத்துக்கும் கொடுப்பார்கள். ஆனால் பிழைப்பு ஓடுவது சாவு வீடுகளால்தான். எங்கள் ஊரில் யாராவது செத்தால் சொந்தக்காரர்களுக்குச் சேதி போவதற்கு முன்னால் இவர்களுக்குப் போய்விடும். அதனாலேயே, நோயாளி படுத்திருக்கிற வீட்டுப் பக்கம் எக்குவா தலைவைத்தும் படுப்பதில்லை. "நான் எட்டிப் பார்த்தாலே, அளவெடுக்க வந்துட்டாளேன்னு நினைப்பாங்க மாஸ்டர். நல்லாயிட்டு வரட்டும், அப்புறம் விசாரிச்சுக்கலாம்."

எந்த இடத்துக்குப் போனாலும் அங்கே கிடக்கும் நாற்காலியைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். அவருடையதாக இருந்தால் அங்கே பச்சைப் பெயின்டில் ஒரு மீன் இருக்கும். சாவு வீட்டிலிருந்து காணாமல் போகிற நாற்காலிகள் மாதாகோவிலிலும் மதுக்கடையிலும் முடிவெட்டும் கடையிலும் குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பதை அவர் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு நாள் என் வகுப்புக்கே வந்து, "மன்னிச்சுக்குங்க மாஸ்டர், ஒரு நிமிஷம் எழுந்திருங்க" என்றார். மீன் இருந்தது. மீதிப் பாடத்தை நான் நின்றுகொண்டே நடத்தினேன்.

எங்கள் கல்லூரிப் பட்டிமன்றம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நடக்கும். செவ்வாயன்று இந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்றைக்குக் கடலுக்கு ஓய்வு, படகுக்காரர்களுக்கும் ஓய்வு. வலையைத் தைத்து முடித்துவிட்டு, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு சாயங்காலம் நேராகக் கல்லூரி மண்டபத்துக்கு வந்துவிடுவார்கள். காசநோய் பற்றி விரிவுரையா, கடல் அரிப்பு பற்றியா, அதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. மேடையில் நிற்பவர் உளறினால் அதை அவரிடமே சொல்லிவிடுவார்கள். தலைநகர் அக்ராவிலிருந்து வரும் பேராசிரியர்கள் பாராளுமன்றக் குழுவுக்குக்கூட இவ்வளவு பயந்ததில்லை.

கூட்டம் என்றால் தலைவர் வேண்டும். தலைவர் என்றால் அவரை அறிமுகப்படுத்த ஒருவர் வேண்டும். அறிமுகம் முடிந்ததும், தலைமை தாங்க ஒப்புக்கொள்வதாகத் தலைவர் ஓர் ஏற்புரை ஆற்ற வேண்டும். இந்த ஏற்புரையில் மாட்டிக்கொண்டு, பேச வந்த விஷயத்தைப் பேசாமலே ஊர் திரும்பிய விரிவுரையாளர்கள் உண்டு. கடைசியில் இறைச்சி அடைத்த மீட் பையும் குளிர்ந்த சோபோலோ பானமும் வரும். அழைப்பிதழில் எத்தனை நிகழ்ச்சிகள் போட்டிருந்தாலும் தின்பண்டத்துக்குக் கானா முழுக்கப் பதின்மூன்றாம் ஐட்டம் என்றுதான் பெயர். அதற்காக மட்டும் வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் எனக்கு வேண்டியவர்களே, மண்டபம் நிறைகிறது.

எக்குவா முதன்முதலில் மேடை ஏறியது இந்த மண்டபத்தில்தான், அதுவும் நாற்காலிக்காக. வருஷத்தில் ஒரு மாதம் வலை போடாமல் மீனைப் பெருகவிட வேண்டுமா என்று அன்றைக்குப் பட்டிமன்றம். வேண்டும் என்று பேச வேண்டியவர் ஒரு மீன்வள அதிகாரி. வாசல்வரை வந்தவர், உள்ளே நிறைந்திருந்த படகுக்காரர்களை ஜன்னல் வழியாகப் பார்த்தார். கேப் கோஸ்டில் ஏதோ கூட்டம் இருப்பது சட்டென்று நினைவு வந்து கிளம்பிப் போய்விட்டார். ஒரு பக்கம் பேச ஆளில்லை. சபையும் கலையவில்லை. மண்டபத்து நாற்காலிகள் எக்குவா வாடகைக்குக் கொடுத்தவை. விடிந்தால் அவை ஒரு சாவு வீட்டில் இருந்தாக வேண்டும். பின்வாசலில் லாரியை நிறுத்திவிட்டுக் காத்துக் காத்துப் பார்த்தவர், கடைசியில் நடுவழியாக நடந்து வந்தார்.

"அந்தப் பக்கம் யாராவது பேசினாத்தான் கலைவீங்களா?"

"அதுதான் முறை, ஆன்ட்டி" என்றேன்.

"அப்ப நான் பேசறேன். எனக்கு நாற்காலி வேணும்."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேடை ஏறினார். மீனின் பக்கம் நின்று கால் மணி நேரம் பேசினார். "நீங்க ஞாயித்துக்கிழம படுத்துத் தூங்கறீங்க, செவ்வாய்க்கிழம படுத்துத் தூங்கறீங்க. அந்த மீனு என்னிக்குத்தான் கட்டிலுக்குப் போகும்?" என்று கேட்டபோது, அடிக்க வந்தவர்கள்கூடத் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். மண்டபம் முழுக்க அவருக்கு எதிராகத்தான் போனது. அவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் ருசி கண்டுவிட்டார். அதற்குப் பிறகு எந்தப் பக்கத்துக்கு ஆள் கிடைக்கவில்லையோ அந்தப் பக்கம் எக்குவாவுடையது என்று ஆகிவிட்டது. தெருவில் திரியும் ஆடுகளைப் பட்டியில் அடைக்க வேண்டும் என்று ஊரே கொதித்தபோது ஆடுகளின் சார்பில் பேசினார். ஜெபக் கூட்டங்களின் ஒலிபெருக்கியைக் குறைக்க வேண்டும் என்று பாதிரிகள் நிறைந்த சபையில் பேசினார். ஆண்பிள்ளைகள் மீன் சுத்தம் செய்ய வேண்டும் என்று அவர் பேசிய அன்றைக்குப் பாதி ஆண்பிள்ளைகள் பதின்மூன்றாம் ஐட்டத்துக்குக்கூட நிற்கவில்லை. நாற்காலி வாடகையைக் கறாராக வாங்குகிறவர் பேச்சுக்கு ஒரு பெசேவா காசுகூட வாங்குவதில்லை. "நாற்காலிக்குத்தான் வாடகை. வாய் சும்மாதான் கெடக்கு."

அவரைத் தேவதையாக்க எனக்கு உத்தேசம் இல்லை. கைதட்டலுக்கு ஏங்குவார். நேரம் முடிந்தது என்று மணி அடித்தால் மணி அடித்தவரை முறைப்பார். வாதம் தீர்ந்துபோனால் "ஆராய்ச்சி சொல்லுது" என்று கூசாமல் அடித்துவிடுவார். ஆடு மேயும் தெருவில் மலேரியா குறைவு என்று ஒருமுறை ஆராய்ச்சி சொன்னது. சமூகவியல் நடத்தும் டாக்டர் சாகோ எழுந்து, "எந்த ஆராய்ச்சி, ஆன்ட்டி?" என்று கேட்டார். "எங்க வீட்டு முற்றத்துல நடந்துச்சு. நீங்க அன்னிக்கு வரல" என்றார் எக்குவா.

பேச்சை முடிக்கும்போது ஒரு வாசகம் தவறாமல் வரும். "இது என் கருத்து இல்ல, என் பக்கத்தோட கருத்து. சண்டை போடணும்னா நாளைக்கு வீட்டுக்கு வாங்க, நாற்காலி போடறேன்." ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறார். அலுக்கவில்லையா என்று கேட்டேன். "தோத்தா என்ன? அந்தப் பக்கமும் ஒரு தடவ ஊர்க் காதுல விழுந்துச்சில்ல" என்றார். எனக்கு இவரை மிகவும் பிடிக்கும் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

போன மழைக்காலத்தில் நானாவின் மன்றத்திலிருந்து ஆள் வந்தார். நானா என்றால் எங்கள் ஊர்த் தலைவர். தலைக்கு மேல் குடை பிடித்து நடப்பவர். மன்றத்துக்கு ஒரு யோசனை. சாவுச் சடங்கு இப்போது மூன்று நாள் நடக்கிறது. வெள்ளி இரவு விழிப்பு, சனியன்று அடக்கம், ஞாயிறன்று நன்றி ஆராதனையும் சாப்பாடும். மூன்று நாளும் ஷாமியானா, பாண்டு வாத்தியம், ஒலிபெருக்கி, சுவரொட்டி, அண்டா அண்டாவாகச் சோறு. செலவு தாங்காமல், பணம் சேரும்வரை பிணத்தை மாதக்கணக்கில் பிணவறையில் வைத்திருக்கிறார்கள். இனி எல்லாமே சனிக்கிழமை ஒரே நாளில் முடிய வேண்டுமா? கல்லூரி சபையில் பேசட்டும். சபை எந்தப் பக்கம் போகிறதோ அதையே அடுத்த வருஷத்திலிருந்து ஊர்ச் சட்டமாக்கிவிடலாம் என்றார்கள். நானா விவரமானவர். நல்லது நடந்தால் பேர் அவருக்கு, ஏச்சு விழுந்தால் கல்லூரிக்கு.

ஒரே நாள் போதும் என்று பேச ஆள் தேடி நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. வேடிக்கை என்னவென்றால், ஊரில் எல்லாருமே அந்தப் பக்கம்தான். பாங்க் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு ஆதரித்தார். பாதிரியார் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆதரித்தார். மேடைக்கு வாருங்கள் என்றால் மட்டும் அத்தனை பேருக்கும் வயதான அம்மா இருந்தாள். "நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா, பெத்தவளுக்குச் செலவு பண்ணப் பயந்து முன்னாடியே மேடை போட்டுப் பேசினவன்னு சொல்லுவாங்களே, மாஸ்டர்." ஆசிரியர் அறையில் தினமும் இந்த மூன்று நாள் கூத்தைத் திட்டுகிற டாக்டர் சாகோ, மூன்று நாள் வேண்டும் என்ற பக்கத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார். அவருடைய அப்பா இரண்டு மாதமாகப் பிணவறையில் இருக்கிறார். அடுத்த மாதம் அடக்கம். குடும்பமே மண்டபத்தில் வந்து உட்காரும். மனிதர் வேறென்ன செய்வார்?

வேறு வழியில்லாமல் எக்குவாவின் முற்றத்துக்குப் போனேன்.

"எந்தப் பக்கத்துக்கு ஆளில்ல?" என்றார், குழாயும் கையுமாக.

சொன்னேன். குழாயை மூடினார்.

"என் சோத்துல நானே மண்ணப் போடணுங்கிறீங்க."

"வேண்டாம்னா விட்டுடுங்க ஆன்ட்டி. கூட்டத்த ரத்து பண்ணிடறேன்."

"ரத்து பண்ணினா?"

"இருக்கிறபடியே இருக்கட்டும்னு மன்றத்துல விட்டுடுவாங்க."

"அப்ப ஒரு பக்கம் பேசாமலே தோத்துப் போயிடும்." சோற்றில் விழும் மண்ணைவிட இதுதான் அவருக்கு அதிகமாக உறுத்தியது என்று முகத்தில் தெரிந்தது. "பேசித் தோத்தா சரி. இது என்ன தோல்வி?"

கூடாரக் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்த அபா எழுந்து வந்தார். அக்காவின் பாதி அளவு இருப்பார், பேச்சும் பாதிதான். எக்குவாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அபாவுக்கு மூன்று பெண்கள், மூத்தவள் கேப் கோஸ்டில் நர்சிங் படிக்கிறாள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே பணப்பை. அது அபாவின் இடுப்பில் இருக்கிறது.

"வெள்ளி, சனி, ஞாயிறு" என்று அபா மூன்று விரலைக் காட்டினார். இரண்டை மடக்கினார். "இத வெச்சுக்கிட்டு நான் எந்தப் பொண்ணப் படிப்ப நிறுத்தச் சொல்லட்டும், மாஸ்டர்? நீங்களே சொல்லிடுங்க."

எக்குவாதான் பேசினார். "நான் இதுவரைக்கும் ஜெயிச்சதே இல்ல, அபா. இப்பவும் தோக்கத்தான் போறேன்."

"இந்தத் தடவ ஊரே மனசுக்குள்ள உன் பக்கம். அதான் எனக்குப் பயமா இருக்கு." அபா கயிற்றைக் கீழே போட்டார். "பேசு அக்கா. உன்னத் தடுக்க யாரால முடியும். ஆனா நல்லாப் பேசாத. கொஞ்சம் தடுமாறு, போதும். யாருக்கும் தெரியாது."

எக்குவா குழாயைத் திறந்துவிட்டார். அந்த வாரம் இரண்டு மூன்று தடவை அந்த வழியாகப் போனேன். முற்றத்தில் பேச்சுக்குரல் கேட்கவில்லை. முன்வரிசை நாற்காலிகள் போன சாவு வீட்டின் செம்மண்ணோடு அப்படியே கிடந்தன.

செவ்வாய்க்கிழமை மண்டபம் பிதுங்கி வழிந்தது. பாண்டு வாத்தியக்காரர்கள், சுவரொட்டி அச்சடிப்பவர், ஒலிபெருக்கிக்காரர், அண்டா வைத்துச் சமைக்கிற பெண்கள் எல்லாரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நானாவின் வாயாக இருந்து பேசும் பேச்சாளர் தங்கப் பூண் போட்ட கோலோடு முன்வரிசையில் இருந்தார். டாக்டர் சாகோவின் அம்மா கறுப்புத் துணி கட்டிக்கொண்டு இரண்டாம் வரிசையில் இருந்தார். அபா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத் தலைவர்கூட ஏற்புரையைச் சுருக்கிக்கொண்டார்.

எப்போதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிற எக்குவா அன்றைக்குச் செருப்போடு மேடை ஏறினார். "பெரியவங்களே, தாய்மாரே, ஒரு நாள் போதும்னு சொல்றோம். ஏன்னா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "ஏன்னா ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னா..." என்றார். என்ன சொல்கிறது என்று சொல்லவில்லை. சிரித்தார்கள். சொன்னதையே மறுபடி சொன்னார். பாதி வாக்கியத்தில் தண்ணீர் குடித்தார். மணி அடிக்கும் முன்பே இறங்கிவிட்டார். ஆட்டுக்காக இதைவிட நன்றாகப் பேசியவர் இவர். அவர் வேண்டுமென்றே தோற்கிறார் என்பது மண்டபத்தில் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. அபா முகத்தில் நிம்மதியைக் காணோம்.

டாக்டர் சாகோ நல்ல பேச்சாளர். அன்றைக்கு அழகாகவே பேசினார். "மூணு நாள் செத்தவங்களுக்காக இல்ல. இருக்கிறவங்களுக்காக. புருஷன எழவு கொடுத்தவ தனியா உட்கார்ந்திருக்கக் கூடாதுன்னு ஊரே வந்து அவகூட உட்காருது. அதுக்குப் பேருதான் மூணு நாள்" என்றார். கைதட்டல் எழுந்தது. அன்போடு எக்குவாவின் பக்கம் திரும்பினார். "ஆன்ட்டிக்கே இன்னிக்கு வார்த்தை வரல. ஏன்? அவங்களுக்கு உள்ளுக்குள்ள தெரியும். எபோ மாமா போனப்ப மூணு நாளும் இந்த ஊரு அவங்ககூடத்தானே உட்கார்ந்திருந்துச்சு."

எபோ என்பது எக்குவாவின் கணவர். நாற்காலி லாரியை ஓட்டியவர். சாகோ அதை நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

முதலில் பேசியவருக்குக் கடைசியில் பதில் சொல்லும் உரிமை உண்டு. "பதில் இருக்கா, ஆன்ட்டி?" என்று தலைவர் ஒப்புக்குக் கேட்டார். எக்குவா அபாவைப் பார்த்தார். அபா நிமிரவில்லை. எக்குவா செருப்பைக் கழற்றினார். மேடைக்குப் போகாமல், நின்ற இடத்திலிருந்தே பேசினார்.

"டாக்டர் சொன்னது நிசம். எல்லாரும் வந்தீங்க. மூணு நாளும் வந்தீங்க. நாற்காலி பத்தல. பக்கத்து ஊருல போயி வாடகைக்கு எடுத்துட்டு வந்தேன். வெள்ளிக்கிழம கறுப்பு கட்டிக்கிட்டு நான்தான் லாரியிலேருந்து எறக்கினேன். எபோ இருந்தா அவரு எறக்கியிருப்பாரு."

யாரோ சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்கள்.

"சனிக்கிழம மழை. ஷாமியானாவுல தண்ணி கட்டிக்கிச்சு. உங்க தலையில கொட்டிடக் கூடாதுன்னு கம்பு வெச்சுக் குத்திக் குத்தித் தள்ளிக்கிட்டு இருந்தேன். பெட்டிய மூடப் போறோம் வான்னு கூப்பிட்டாங்க. கலர் பாட்டில் எல்லாருக்கும் வந்துச்சான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். இதோ வர்றேன்னு சொன்னேன். போறதுக்குள்ள மூடிட்டாங்க."

மணி அடிக்க வேண்டியவர் மணியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழம வெள்ளை கட்டிக்கிட்டு உங்க எல்லாருக்கும் நன்றி சொன்னேன். சோறு போட்டேன். திங்கக்கிழம நாற்காலியக் கழுவறப்பதான் எபோ செத்துட்டாருன்னு எனக்கு உறைச்சுது. அன்னிக்கு யாரும் இல்ல. உங்க மேல தப்பு சொல்லல. மூணு நாள் முழிச்சா எல்லாருக்கும் தூக்கம் வரும். ஒரு நாள்ல முடிச்சிடுங்க. அப்புறமா, ரெண்டு நாள் கழிச்சு வாங்க. நாற்காலி வேணாம். தரையில உட்காருங்க."

உட்கார்ந்துவிட்டார். இது என் கருத்து இல்லை என்று அவர் சொல்வார் என எல்லாரும் காத்திருந்தோம். சொல்லவில்லை. ஒருவரும் கைதட்டவும் இல்லை.

எங்கள் கல்லூரியில் தீர்ப்பு சபையின் கையில். முன்பு கைதூக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம். படகுக்காரர்கள் ஆளுக்கு இரண்டு கையையும் தூக்கியதால் அதை மாற்றினோம். இப்போது ஒவ்வொருவரும் தாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், சபை முன் வைத்த யோசனையை ஒப்புக்கொண்டால் கடல் பக்கத்து ஜன்னலோரம் போட வேண்டும். மறுத்தால் எதிர்ச் சுவரோரம். நடுவில் யாரும் மிஞ்சக் கூடாது. வாதாடியவர்கள் எல்லாருக்கும் கடைசியில் போக வேண்டும்.

"எழுந்திருக்கலாம்" என்றார் தலைவர். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பாங்க் மேனேஜர் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் மேற்கூரையைப் பார்த்தார். முதலில் எழுந்தது டாக்டர் சாகோவின் அம்மா. அடுத்த மாதம் அந்த மூன்று நாளும் நடக்கப்போவது அவர் வீட்டில். நாற்காலியைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்துக்கொண்டே போனார். கடல் பக்கத்து ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்து, மகனை நேராகப் பார்த்தார். டாக்டர் சாகோ கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் தடுக்க முடியவில்லை. மண்டபமே கிளம்பியது போல நாற்காலிகள் இரைந்தன. படகுக்காரர்கள் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். மேனேஜர் போனார், பாதிரியார் போனார், வயதான அம்மா உள்ள அத்தனை பேரும் போனார்கள். எதிர்ச் சுவரோரம் போனவர்கள் பாண்டுக்காரர்கள், அச்சடிப்பவர், ஒலிபெருக்கிக்காரர், சமையல்கார அம்மாக்கள் மட்டும்தான். அபாவும் அங்கேதான் போனார். எல்லாரையும்விடத் தள்ளி, மூலையில், சுவரைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது. அது குலுங்கிக்கொண்டிருந்தது.

எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லை. நானாவின் பேச்சாளர் எழுந்து கோலைத் தரையில் தட்டினார். "நானாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது" என்றார். அப்படியென்றால் முடிந்தது என்று பொருள். ஜன்னல் பக்கம் ஆரவாரம் எழுந்தது. எக்குவா வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயித்திருந்தார்.

மிச்சம் இருந்தது வாதாடிய இருவர்தான். டாக்டர் சாகோ முறைப்படி சுவர்ப் பக்கம் போனார். ஜன்னல் பக்கத்தில் எக்குவாவுக்காகக் கூட்டம் விலகி நடுவில் இடம் விட்டது. சாகோவின் அம்மா தன் பக்கத்தில் தட்டிக் காட்டினார். "இங்க வாங்க ஆன்ட்டி, இங்க" என்று நாலாபுறமும் கூப்பிட்டார்கள்.

எக்குவா எழுந்தார். நாற்காலியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டார். வெறுங்காலோடு மண்டபத்தைக் குறுக்கே கடந்து எதிர்ச் சுவரை நோக்கி நடந்தார்.

"ஆன்ட்டி, அது அந்தப் பக்கம்" என்று ஒரு படகுக்காரர் பதறிச் சொன்னார்.

"தெரியும்" என்றார் எக்குவா. மூலைவரை போய், தங்கையின் நாற்காலியோடு இடிக்கிற மாதிரி தன் நாற்காலியைப் போட்டு, அவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.